குழந்தையின் கிட்னி வீக்கம்: உடனே ஆபரேஷனா, பொறுத்துப் பார்க்கலாமா?

கேள்வி இதுதான். இரண்டரை மாத ஆண் குழந்தை. வயிற்றில் இருக்கும்போதே ஏழாம் மாத ஸ்கேனில் இடது கிட்னியில் வீக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். பிறந்த பிறகு எடுத்த ஸ்கேனில் வீக்கம் 18 மில்லிமீட்டர், 'பியுஜே அடைப்பு' என்று ரிப்போர்ட். ரீனோகிராமில் இடது கிட்னி 43 சதவீதம், வலது 57 சதவீதம் வேலை செய்கிறது. ஒரு டாக்டர் உடனே பைலோபிளாஸ்டி என்ற, அடைப்பை நீக்கும் ஆபரேஷனைச் செய்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். வீட்டில் பாட்டியோ, ஒரு வயது முடியாமல் பிள்ளை உடம்பில் கத்தி வைக்கக் கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? அடுத்த குழந்தைக்கும் இது வருமா?

குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சைப் பிரிவில் இருப்பவன் என்ற முறையில் நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுத்திருக்கும் எண்களை வைத்துப் பார்த்தால் பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் பொறுத்துப் பார்ப்பது என்றால் குறித்த தேதியில் ஸ்கேன், குறித்த தேதியில் ரீனோகிராம், நடுவில் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே சிறுநீர்ப் பரிசோதனை. இதைச் செய்ய முடியாத சூழ்நிலை என்றால், அதாவது மருத்துவமனை வெகுதூரம், திரும்ப வருவது நிச்சயமில்லை என்றால், முதல் டாக்டர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாட்டியின் அக்கறை புரிகிறது, ஆனால் வயதுக் கணக்குக்கு மருத்துவத்தில் இடமில்லை. தேவைப்பட்டால் மூன்று மாதக் குழந்தைக்கும் இந்த ஆபரேஷன் பத்திரமாகவே நடக்கிறது. தேவையில்லை என்றால் மூன்று வயதிலும் வேண்டாம்.

முதலில் அடைப்பு எங்கே என்று பார்ப்போம். கிட்னி உருவாக்கும் சிறுநீர் எல்லாம் அதன் உட்பக்கம் புனல் மாதிரி இருக்கும் ஒரு பையில் சேர்ந்து, அங்கிருந்து யூரேட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக மூத்திரப்பைக்கு இறங்குகிறது. புனலும் குழாயும் சேரும் இடம்தான் பியுஜே. கருவில் அந்த இடத்துத் தசை சரியாக அமையாமல் போனால், சிறுநீரைக் கீழே தள்ளும் அலை அங்கே வந்து நின்றுவிடும். பெரும்பாலும் உள்ளே கல்லோ கட்டியோ எதுவும் இருக்காது. குழாயில் ஒரு சின்ன நீளம் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். சில குழந்தைகளுக்கு, அதிலும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு, கிட்னியின் கீழ்ப்பாகத்துக்குப் போகும் ஒரு ரத்தக்குழாய் குறுக்கே ஓடி அந்த இடத்தை அழுத்திக்கொண்டிருக்கும். அவர்களுக்கு வயிற்றுவலியும் வாந்தியும் விட்டு விட்டு வரும். கைக்குழந்தைகளுக்கு வெளியில் ஒன்றுமே தெரியாது. பால் குடிக்கும், சிரிக்கும், எடை கூடும். அதனால்தான் கர்ப்பகால ஸ்கேன் வருவதற்கு முந்தைய தலைமுறைகளில் இது வயிற்றில் கட்டி, சீழ்க்காய்ச்சல், ரத்தம் கலந்த சிறுநீர் என்று தாமதமாகத் தெரியவந்தது.

சுமார் 1000 முதல் 1500 குழந்தைகளில் ஒருவருக்கு இந்தக் குறை இருக்கிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. வலதைவிட இடது பக்கம் அதிகம். அம்மாவிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள்: கர்ப்ப காலத்தில் அவர் சாப்பிட்டதோ, வேலை செய்ததோ, கிரகண நேரத்தில் வெளியே வந்ததோ இதற்குக் காரணம் இல்லை. அறைக்குள் வரும் தாய்மார்களில் பலர் இந்தக் குற்றவுணர்வோடுதான் வந்து உட்காருகிறார்கள். வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனதில் அது ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது அந்த 18 மில்லிமீட்டர். அது சிறுநீர் சேரும் பையின் முன்-பின் அகலம். 15-க்கு மேல் போனால் கவனித்துப் பார்க்க வேண்டிய வீக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரிப்போர்ட்டில் இன்னும் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். பைக்கு மேலே இருக்கும் சின்னச் சின்னக் கிண்ணங்களும் விரிந்திருக்கின்றனவா? கிட்னியின் சதைப்பகுதி மெலிந்திருக்கிறதா? யூரேட்டர் வீங்கியிருக்கிறதா? சதை மெலிந்திருந்தால் அழுத்தம் அதிகம், நான்காம் நிலை, அதாவது மிகக் கடுமையான வீக்கம் என்று பொருள். யூரேட்டரும் வீங்கியிருந்தால் இது பியுஜே அடைப்பாக இல்லாமலே போகலாம். கீழே மூத்திரப்பை பக்கத்தில் அடைப்போ, சிறுநீர் மேல்நோக்கித் திரும்பும் கோளாறோ இருக்கலாம். அப்போது எம்சியு என்ற எக்ஸ்ரே பரிசோதனை தேவைப்படும். உங்கள் குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் வீக்கம், மூத்திரப்பை சாதாரணமாக இருக்கிறது என்றால், அந்தப் பரிசோதனை எல்லோருக்கும் கட்டாயம் இல்லை.

அந்த ஸ்கேன் எந்த நாளில் எடுத்தது என்றும் பாருங்கள். பிறந்த முதல் 48 மணி நேரத்தில் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகவே உருவாகும். அப்போது எடுத்தால் வீக்கம் உண்மையைவிடச் சின்னதாகத் தெரியும், சில நேரம் இல்லவே இல்லை என்று கூட வரும். 'பிறந்த அன்னைக்கே ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டாங்க' என்று நிம்மதியாக இருந்துவிட்டு, ஏழு மாதத்தில் காய்ச்சலோடு வரும் குடும்பங்கள் உண்டு.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, ஆண் குழந்தை என்பதால் சொல்லிவிடுகிறேன். இரண்டு கிட்னியும் வீங்கி, மூத்திரப்பைச் சுவர் தடித்து, சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தால் அது வேறு நோய். மூத்திரம் வெளியேறும் வழியிலேயே பிறவித் தடுப்பு இருக்கலாம். அதற்குக் காத்திருப்பு என்ற பேச்சே கிடையாது, பிறந்த முதல் நாட்களிலேயே டியூப் போட்டு வைத்தியம் தொடங்க வேண்டும். உங்கள் பிள்ளைக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை. டயப்பர் மாற்றும்போது சிறுநீர் நல்ல வீச்சோடு வருகிறதா என்று ஒரு முறை கவனித்தாலே போதும்.

முடிவு உண்மையில் ரீனோகிராமில்தான் இருக்கிறது. கையில் ஊசி வழியாக மிகக் குறைந்த அளவு கதிரியக்கம் உள்ள மருந்தைச் செலுத்தி, ஒவ்வொரு கிட்னியும் அதை எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்று கேமராவில் பார்க்கிறோம். நம் ஊரில் ஈசி என்ற மருந்தில் செய்யும் ஸ்கேன் அதிகம். டிடிபிஏ என்ற மருந்திலும் செய்கிறார்கள். சிறுநீரகம் இன்னும் முதிராத கைக்குழந்தைக்கு ஈசி அல்லது மேக்-3 மருந்துகளே தெளிவான படம் தரும். பிறந்த நாலு முதல் ஆறு வாரம் கழித்துச் செய்தால்தான் நம்பலாம், ஏனென்றால் பிறந்த குழந்தையின் கிட்னி அப்போதுதான் வேலைக்குப் பழகிக்கொண்டிருக்கும். உடல் அளவோடு ஒப்பிட்டு முழுத் திறனுக்கு அது வருவது ஒன்றரை, இரண்டு வயதில்.

இரண்டு கிட்னியும் சேர்ந்து 100 என்றால் ஒவ்வொன்றும் 45 முதல் 55 வரை இருப்பது இயல்பு. உங்கள் குழந்தையின் 43 அதற்குச் சற்றே கீழே, ஆனால் நாங்கள் எச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கும் 40-க்கு மேலே. அதனால்தான் பொறுக்கலாம் என்கிறேன். அடுத்த ரீனோகிராமில் இது 40-க்குக் கீழே போனாலோ, முந்தைய அளவிலிருந்து 10 புள்ளி இறங்கினாலோ ஆபரேஷன் வேண்டும். சில மையங்களில் 5 புள்ளி இறங்கினாலே செய்துவிடுவார்கள். அதுவும் தவறில்லை.

மருந்து பாதி வெளியேற எடுக்கும் நேரத்தைப் பற்றியும் ரிப்போர்ட்டில் போட்டிருப்பார்கள். 20 நிமிடத்துக்கு மேல் என்றால் அடைப்பு என்று புத்தகங்களில் இருக்கும். கைக்குழந்தைகளிடம் அதை மட்டும் வைத்து முடிவு எடுக்கக் கூடாது. பை பெரிதாக இருந்தாலே அதிலிருந்து காலியாக நேரம் ஆகும், அடைப்பு பெரிதாக இல்லாவிட்டாலும். குழந்தை சரியாகப் பால் குடிக்காமல் வந்திருந்தாலோ, மூத்திரப்பை நிரம்பியிருந்தாலோ மருந்து வெளியேறுவதைக் காட்டும் வரைகோடு மோசமாகத்தான் வரும். அதனால் நல்ல மையங்களில் குழந்தை மூத்திரம் போன பிறகு, நிமிர்த்தித் தூக்கிப் பிடித்து, மறுபடியும் ஒரு படம் எடுப்பார்கள். அதிலும் மருந்து அப்படியே தங்கியிருந்தால்தான் அடைப்பு நிஜம். உங்கள் ரிப்போர்ட்டில் அந்தக் கடைசிப் படம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இதோடு ஒரு வேண்டுகோள். அடுத்த ரீனோகிராமையும் அதே மையத்தில், அதே மருந்தில் எடுங்கள். முதல் தடவை ஓர் இடத்தில் டிடிபிஏ, அடுத்த தடவை வேறு இடத்தில் ஈசி என்று மாற்றினால், 43 என்பது 38 ஆனது கிட்னி கெட்டதாலா, முறை மாறியதாலா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் குழப்பத்தில் தேவையில்லாத ஆபரேஷனும் நடக்கலாம், தேவையான ஆபரேஷன் தள்ளியும் போகலாம். பழைய ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்களையும் சேர்த்து ஒரே ஃபைலில் வைத்திருங்கள். ஸ்கேன் முடிந்த அன்று மருந்து சிறுநீரில்தான் வெளியேறும். அன்று டயப்பர் மாற்றிய பிறகு கையை நன்றாகக் கழுவிக்கொண்டால் போதும். தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

காத்திருப்பது ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். 1980-களில் கர்ப்பகால ஸ்கேன் பரவியபோது, வீங்கிய கிட்னி என்றால் உடனே ஆபரேஷன் என்றுதான் பல இடங்களில் செய்தார்கள். அப்புறம் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடங்களில், நன்றாக வேலை செய்யும் வீங்கிய கிட்னிகளைத் தொடாமல் பல ஆண்டுகள் கவனித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை அப்படியே நின்றன, அல்லது தானாகவே வடிந்தன. ஏறக்குறைய கால் பங்குக் குழந்தைகளுக்குத்தான் செயல்திறன் இறங்கி ஆபரேஷன் தேவைப்பட்டது. வேறு சில மையங்களின் கணக்கில் இது பாதி வரை போகிறது. எந்தக் கணக்கை எடுத்தாலும், பார்த்தவுடன் எல்லோருக்கும் வெட்டியிருந்தால் எத்தனையோ குழந்தைகளுக்கு அது தேவையில்லாத ஆபரேஷனாக இருந்திருக்கும். அதேபோல, வராமல் விட்டுவிட்ட குழந்தைகள் கிட்னி காகிதம் போல மெலிந்து திரும்பி வருவதையும் பார்க்கிறோம். அது வலிக்காமலே நடந்துவிடும் என்பதுதான் இதில் கொடுமை.

இந்தக் காத்திருப்பில் வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். 38 டிகிரி செல்சியஸுக்கு (100.4 ஃபாரன்ஹீட்) மேல் காய்ச்சல் இருந்து, சளி இருமல் எதுவும் இல்லை என்றால், சிரப் கொடுத்துப் பார்ப்போம் என்று வைத்திருக்காதீர்கள். சிறுநீர்ப் பரிசோதனையும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் வேண்டும். ஒட்டும் பையில் பிடித்த சிறுநீரில் தோலில் உள்ள கிருமிகள் கலந்து தப்பாக வரும். மெல்லிய டியூப் வழியாக எடுத்தால் குழந்தை கொஞ்சம் அழும், ஆனால் முடிவை நம்பலாம். வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர், முள்ளங்கிச் சாறு எல்லாம் வேண்டவே வேண்டாம். பெரியவர்களின் கிட்னிக் கல்லுக்குச் சொல்வதைக் கைக்குழந்தைக்குப் புகட்டினால் வயிற்றுப்போக்கும் உப்புக் கோளாறும்தான் மிஞ்சும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தடுப்பூசிகள் வழக்கம்போலத் தொடரட்டும்.

சரி, ஆபரேஷன் தேவை என்று ஆகிவிட்டால்?

பைலோபிளாஸ்டியில் நாங்கள் செய்வது, வேலை செய்யாத அந்தச் சின்ன நீளத்தை முழுவதுமாக வெட்டி எடுத்துவிட்டு, நல்ல யூரேட்டரின் வாயை நீளவாக்கில் பிளந்து அகலமாக்கி, பையின் தாழ்வான இடத்தில் வைத்துத் தைப்பது. இந்த முறையை ஆண்டர்சன், ஹைன்ஸ் என்ற இரண்டு இங்கிலாந்து மருத்துவர்கள் 1949-ல் வெளியிட்டார்கள். முதலில் அவர்கள் இதைச் செய்தது ஒரு பெரிய ரத்தக்குழாய்க்குப் பின்னால் மாட்டிக்கொண்ட யூரேட்டருக்குத்தான். இன்றும் உலகம் முழுக்க இதுவே முதல் தேர்வு. தைக்கும் இழை 0.1 மில்லிமீட்டரைவிட மெல்லியது, தானாகக் கரைந்துவிடும். அனுபவமுள்ள கைகளில் 100-ல் 95 குழந்தைகளுக்கு இந்த ஒரு ஆபரேஷனோடு அடைப்பு தீர்ந்துவிடுகிறது.

திறந்து செய்வதா, லேப்ராஸ்கோப்பியா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். குழந்தைக்கு லேப்ராஸ்கோப்பியில் இதைச் செய்த முதல் அறிக்கை 1995-ல் வந்தது. வளர்ந்த பிள்ளைகளுக்கு அதன் நன்மை தெளிவாக இருக்கிறது. இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு என்னுடைய எண்ணம் வேறு. விலாவுக்குக் கீழே மூன்று, நான்கு சென்டிமீட்டர் கீறலே போதுமானதாக இருக்கும்போது, துளைகள் வழியாகச் செய்வதால் பெரிதாக மிச்சமாவது ஒன்றுமில்லை. உங்கள் சர்ஜன் எந்த முறையைக் கைக்குழந்தைகளுக்கு அடிக்கடி செய்கிறாரோ அதுவே நல்லது. ரோபோ இருக்கிறது என்பதற்காக மட்டும் ஊர் மாற வேண்டாம். ஊர் மாறுவதென்றால் குழந்தைகளுக்கான மயக்க மருத்துவர் இருக்கும் இடத்துக்காக மாறுங்கள். கைக்குழந்தை ஆபரேஷனில் பாதிப் பத்திரம் அவர் கையில்தான்.

ஆபரேஷன் அன்று தாய்ப்பாலை நான்கு மணி நேரத்துக்கு முன்பும், பவுடர் பாலை ஆறு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். பாவம் அழுகிறதே என்று நடுவில் யாரும் ஒரு வாய் புகட்டிவிடக் கூடாது. மயக்கத்தில் அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மயக்கம் கொடுத்த பிறகு முதுகின் அடியில் ஓர் ஊசி போட்டு வலியை மரத்துப்போகச் செய்வதும் உண்டு. அதனால் விழித்தெழும் குழந்தை நீங்கள் பயப்படும் அளவுக்கு வலியில் இருக்காது. மொத்தம் இரண்டு மணி நேரம், கூடக்குறைய ஆகலாம். சில மணி நேரத்தில் பால் கொடுக்கலாம். மூன்று நாள் வாக்கில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் ஓரிரு நாள் சிறுநீர் இளஞ்சிவப்பாக வருவது சாதாரணம்.

தையல் ஆறும் வரை அதன் ஊடே சிறுநீர் தடையில்லாமல் இறங்க, உள்ளே டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைப்பார்கள். சில சர்ஜன்கள் அதன் நுனியை வெளியே கொண்டுவந்து, ஒன்றிரண்டு வாரத்தில் மயக்கமே இல்லாமல் உருவிவிடுவார்கள். முழுவதும் உள்ளேயே வைத்திருந்தால் நாலு முதல் ஆறு வாரத்தில் சின்ன மயக்கம் கொடுத்து, மூத்திரவழியாகக் கேமரா விட்டு எடுக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: அந்தத் தேதியை மறக்கவே கூடாது. குழந்தை நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்ட ஸ்டென்ட் மேல் உப்புப் படிந்து கல்லாகி, அதை எடுக்கவே இன்னொரு பெரிய ஆபரேஷன் தேவைப்படும், கிட்னியும் கெடும். டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டென்ட் வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி இரண்டையும் பெரிதாக எழுதச் சொல்லி, வீட்டுக் காலண்டரிலும் குறித்து வையுங்கள்.

சிக்கல்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். தையலில் சிறுநீர் கசியலாம், கிருமி தொற்றலாம், ஸ்டென்ட் நகரலாம். பெரும்பாலும் இவை மருந்திலும் சின்னச் சிகிச்சையிலும் சரியாகும். நூற்றில் சிலருக்கு அந்த இடம் மறுபடி சுருங்கி இரண்டாவது முறை செய்ய நேரிடும்.

ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா அப்பாவைக் கலங்கடிப்பது முதல் ஸ்கேன்தான். 18 இருந்தது 15 ஆகியிருக்கும், சிலருக்கு 17-லேயே நிற்கும். 'ஆபரேஷன் செஞ்சும் வீக்கம் போகலையே' என்று இடிந்துபோய் வருவார்கள். பல மாதம் விரிந்து கிடந்த பை ஒரே நாளில் சுருங்காது. முழுவதும் குறைய ஒன்றிரண்டு வருடம் ஆகலாம், கொஞ்சம் வீக்கம் எப்போதுமே மிச்சம் இருந்துவிடவும் செய்யலாம். வீக்கம் கூடாமல் இருப்பதும், மூன்று முதல் ஆறு மாதத்தில் எடுக்கும் ரீனோகிராமில் மருந்து நன்றாக இறங்குவதும்தான் வெற்றிக்கு அடையாளம். சதவீதம் 43-லிருந்து 50 ஆகும் என்று எதிர்பார்க்காதீர்கள். இருப்பதைக் காப்பாற்றத்தான் ஆபரேஷன். கூடினால் சந்தோஷம்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும், குழந்தைகள் அறுவை சிகிச்சைத் துறை உள்ள மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் காட்டலாம். தனியார் மருத்துவமனை என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த மருத்துவமனையும் இந்த ஆபரேஷனும் வருகிறதா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் சேருவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

உங்கள் குழந்தைக்கு இப்போது நான் செய்யச் சொல்வது: அடுத்த மாதம் ஒரு ஸ்கேன், ஐந்தரை மாத வயதில் அதே மையத்தில் ரீனோகிராம். நடுவில் எடுக்கும் ஸ்கேனில் வீக்கம் நன்றாகக் கூடியிருந்தாலோ, சதை மெலியத் தொடங்கினாலோ, சிறுநீரில் கிருமியோடு காய்ச்சல் வந்தாலோ தேதி வரைக்கும் காத்திருக்காமல் சர்ஜனிடம் போய்விடுங்கள். தொற்று வராமல் இருக்கத் தினமும் இரவில் ஆன்டிபயாடிக் கொடுப்பதா என்பதில் டாக்டர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வீக்கம் பெரிதாக உள்ள கைக்குழந்தைகளுக்குச் சிலர் கொடுப்பார்கள், பியுஜே அடைப்பு மட்டும் என்றால் சிலர் கொடுக்க மாட்டார்கள். உங்கள் டாக்டர் எழுதியிருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

அடுத்த குழந்தைக்கும் வருமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இது குடும்பத்தில் தொடர்ந்து வருவதில்லை. அடுத்த கர்ப்பத்தில் வழக்கமான ஐந்தாம் மாத ஸ்கேனின்போது, மூத்த பிள்ளைக்கு இப்படி இருந்தது என்று சொல்லிவிடுங்கள். கிட்னிகளைக் கூடுதலாகப் பார்த்துவிடுவார்கள்.